நாற்பத்து மூன்று நாள் ஊரில் இல்லாதவர்

இயந்திரம் ஓட வேண்டும், ஆனால் ஓடுவது யாருக்கும் தெரியக் கூடாது. இதுதான் அவருடைய தொழில். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியிலும் அடித்தளத்திலும் பம்புகளும் குளிரூட்டும் இயந்திரங்களும் ஆள் உயர விசிறிகளும் இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அந்த உறுமல் கீழே படுத்திருக்கும் நோயாளிக்கோ மேஜையில் கையெழுத்துப் போடும் மேலதிகாரிக்கோ எட்டாமல் செய்யும் என்ஜினியர் அவர். உள்ளங்கை அகலத்தில் அதிர்வை அளக்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து வால் போல நீளும் கம்பி, கம்பியின் நுனியில் காந்தம் பதித்த ஒரு வில்லை. வில்லையை இயந்திரத்தின் காலில் ஒட்டுவார், பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்ப்பார், இந்த மூலையில் ரப்பர், அந்த மூலையில் ஸ்பிரிங் என்று குறித்துக் கொடுப்பார். மறுவாரம் அதே இயந்திரம் அங்கேயே, இல்லாதது போல ஓடும். அலுவலகத்தில் அவருக்கு டெசிபல் என்று பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

டெசிபல் அந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம். முதல் மூன்று வருடம் தற்காலிக அனுமதி, கணக்கில் சேராது. அடுத்த ஐந்து வருடம்தான் குடியுரிமைக்குக் கணக்கு. விதியும் பெரிய சிக்கல் இல்லை. அந்த ஐந்து வருடத்தில் ஒரு முறைகூடத் தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. இருந்தால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து. பிறகு, நன்னடத்தை வேண்டும். அது என்ன என்று விதியில் எங்கும் எழுதவில்லை. எழுதாத இடத்தில் எல்லாவற்றையும் கடைப்பிடித்துவிடுவது பத்திரம் என்று டெசிபல் முடிவு செய்தார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டி இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை நடைபாதையில் நிற்பார். குப்பையை நாலாகப் பிரித்துப் போடச் சொன்னால் ஐந்தாகப் பிரிப்பார். பக்கத்து வீட்டில் ஏதாவது வாக்குவாதம் கேட்டால் தன் வீட்டு ஜன்னலைச் சாத்துவார். எட்டு வருடமும் தன் காலுக்கு அடியில் தானே ரப்பர் வைத்துக்கொண்டு ஓடிய மனிதர். இதை நல்ல வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை சொல்லவும் இடம் இல்லை.

அவருடைய அமைதியைக் குலைக்க ஒருவர் இருந்தார். கீழ்வீட்டுக்காரர். ரயில்வேயில் நாற்பது வருடம் கால அட்டவணை தயாரித்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நிமிடம் எந்த மேடையில் என்று எழுதி எழுதிப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லாமல், தலைக்கு மேலே நடப்பதை எழுதத் தொடங்கியது. டெசிபலின் மனைவி அவருக்கு டைம்டேபிள் என்று பெயர் வைத்தாள். அவர் பதிலுக்கு டெசிபலை மாடி என்றுதான் கூப்பிடுவார். "என்ன மாடி, நேத்து ஏழு இருபதுக்கு என்னத்தைக் கீழ போட்டீங்க?" என்று லிஃப்டில் கேட்பார். கேட்பவர் முகத்தில் கோபம் இருக்காது. தாமதமாக வந்த வண்டியை விசாரிக்கும் முகம்.

முதல் புகார் நாற்காலியை இழுக்கும் சத்தம் பற்றியது. குடியிருப்போர் சங்கம் விளக்கம் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் இனிமேல் பார்த்து நடக்கிறோம் என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பார்கள். டெசிபல் தன் வீட்டுக் கூடத்திலேயே பெட்டியை வைத்து ஒரு வாரம் அளந்து, வரைபடங்களோடு பதினாலு பக்க அறிக்கை கொடுத்தார். தன் வீட்டிலிருந்து கீழே இறங்கும் சத்தம் அனுமதித்த அளவில் பாதிகூட இல்லை என்று அதில் நிரூபித்திருந்தார். கடைசிப் பக்கத்தில், புகார்தாரர் தம் காதைப் பரிசோதித்துக்கொள்வது நலம் என்ற பரிந்துரையும் இருந்தது. அளவு எல்லாம் சரிதான். அறிக்கையில் ஒரு தப்பும் இல்லை. கட்டடமே ஒரு மாதம் சிரித்தது. டைம்டேபிள் மட்டும் அறிக்கையைத் துளை போட்டுத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார். டெசிபல் எல்லா நாற்காலிக் காலிலும் கம்பளித் துண்டு ஒட்டினார். ஆனால் ஒட்டியதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஐந்து வருடத்தில் இரண்டாவது வருடம் நடந்ததுதான் கதை. ஊரில் டெசிபலின் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு வாரம் யாராவது கூடவே இருந்து நடக்கப் பழக்க வேண்டும். டெசிபல் ஒரே பிள்ளை.

"நீங்கதான் போகணும்," என்றாள் மனைவி.

"ஆறு வாரம்னா நாப்பத்தி ரெண்டு நாள். முப்பதுக்கு மேல போனா கணக்கு போச்சு."

"அப்ப இருபத்தொம்பது நாள் இருந்துட்டு வாங்க. மீதிக்கு நான் போறேன்."

"எந்தப் பாலத்துலயும் அது தாங்குற எடையை முழுசா ஏத்த மாட்டாங்க. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு விட்டுத்தான் கணக்கு போடணும். முப்பதை ஒன்றரையால வகுத்தா இருபது. ஃப்ளைட் லேட்டு, புயல், ஸ்டிரைக்கு, அதுக்கு ஒரு அஞ்சு கழி. பதினஞ்சு. போக வர ரெண்டு. பதிமூணு நாள்ல இடுப்பெலும்பு கூடுமா?"

"கூடாது."

"அப்ப நான் போறதும் ஒண்ணுதான், போகாததும் ஒண்ணுதான்."

"இதை உங்க அப்பாகிட்ட சொல்லும்போது ஒன்றரையால வகுக்காம சொல்லுங்க," என்றாள்.

அவர், மனைவி, மகள் மூவரில் யாராவது ஒருவருக்கு முதலில் குடியுரிமை கிடைத்துவிட்டால் மற்ற இருவருக்கும் அவர் வழியாகக் கிடைத்துவிடும் என்பது டெசிபலின் திட்டம். அந்த ஒருவர் தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. ஆகவே மாமனாரை நடக்க வைக்க மருமகள் போனாள். எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று நாள் போனாள். அவளுடைய எண்ணிக்கை அத்தோடு பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடிப்பதற்குள் டெசிபல் மூன்று டிக்கெட் வாங்கி, அலுவலகத்தில் ஆறு வாரம் லீவும் கேட்டுவிட்டிருந்தார். மேனேஜர் அவர் தோளில் கை வைத்து, "அப்பாவைப் பாருங்க, வேலை எங்க போகப் போகுது," என்றிருந்தார். அப்பா சீக்கிரம் நடக்க வேண்டும் என்று பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றும் வந்திருந்தது. புறப்படுவதற்கு முந்தின நாள் தன் சீட்டை மட்டும் ரத்து செய்த டெசிபலுக்கு, அந்தப் பத்தொன்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை. அப்பாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியாயிற்று. அலுவலகத்தில் அப்பாவிடம் போகிறேன் என்று சொல்லியாயிற்று. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு வழிதான் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்வது.

ஒளிந்துகொள்வதையும் என்ஜினியராகத்தான் செய்தார். நாற்பத்து மூன்று நாளுக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமானை மனைவி போவதற்கு முன்பே வாங்கி அடுக்கியாயிற்று. கடைக்குப் போகவில்லை, பேங்க் அட்டையைத் தேய்க்கவில்லை. தெருப் பக்கத்துத் திரையை இறக்கிவிட்டு, போனை அணைத்துவிட்டார். கணினி வழியாக மட்டும் ஊருக்குப் பேசினார். கரண்டுக்கும் தண்ணீருக்கும் அந்தக் கட்டடத்தில் தனி மீட்டர் கிடையாது. ஒரு மனிதன் ஒரு நகரத்தில் இல்லாமல் இருப்பதற்கு இதைவிடச் சுத்தமான வேலைப்பாடு இருக்க முடியாது.

அப்பாதான் கெடுத்தார்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவர், நடக்க மாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மருமகள், பிடித்து நடப்பதற்கான நாலு கால் நடைச்சட்டத்தை முன்னால் வைத்துவிட்டு, கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். டெசிபலின் வீட்டில் அப்போது காலை ஐந்து நாற்பது.

"அப்பா, எந்திரிங்கப்பா. சட்டத்தைப் பிடிங்க."

"நீ அங்கேர்ந்து சொல்லுவடா. வலி எனக்கு."

"முதல்ல சட்டத்தை நகத்தணும். அப்புறம் கெட்ட காலு. அப்புறம் நல்ல காலு. அவ்வளவுதான்."

"அப்ப நீ நடந்து காட்டு. நீதான என்ஜினியர்."

டெசிபல் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அதைத் தள்ளி, ஒரு காலை இழுத்து, மறு காலை வைத்தார்.

"உனக்கு எதுடா கெட்ட காலு?"

"உங்களுக்கு எதுவோ அதுதான்பா."

அப்பா சிரித்துவிட்டார். எழுந்து நின்றார். ஆனால் நாற்காலி சத்தமே இல்லாமல் நகர்ந்ததால் எப்போது அடி வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. டெசிபல் குனிந்து, நாற்காலிக் காலில் தானே ஒட்டிய கம்பளித் துண்டுகளைப் பிய்த்துப் போட்டார். 'கர்ர்ர், தட், தட்' என்று தாளம் பிறந்தது. அப்பா அந்தத் தாளத்துக்கு நடந்தார். முதல் நாள் பதினோரு அடி. வாழ்நாள் முழுவதும் சத்தத்தை ஒடுக்கிய மனிதர், முதல் முறையாக வேண்டுமென்றே சத்தம் போட்டார். நன்றாகவே போட்டார்.

ஒன்பதாம் நாள் சங்கத்துக்குப் புகார் போனது. டெசிபல் பதில் எழுதவில்லை. ஊரில் இல்லாதவன் எப்படி எழுதுவான்? பதினேழாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல், நடக்கவில்லை. அன்று மத்தியானம் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். விட்டு விட்டு மூன்று முறை. டெசிபல் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். தட்டியவர் போன பிறகுதான் மூச்சு விட்டார். சாயங்காலம் சங்கச் செயலாளரம்மாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் வீட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் உள்ள மாற்றுச் சாவியால் நாளைக் காலை திறக்கலாமா?'

டெசிபல் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பத்தே நிமிடத்தில் பதில் எழுதினார். மூன்று டிக்கெட்டின் நகலையும் இணைத்தார். 'நானும் என் குடும்பமும் கீழ்க்கண்ட நாற்பத்து மூன்று நாட்களும் நாட்டிலேயே இல்லை. பூட்டிய வீட்டில் நாற்காலி தானாக நகராது. திறக்க வேண்டியதில்லை. புகார்தாரரின் காது பற்றி என் முந்தைய அறிக்கையிலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.' கீழே கையெழுத்து.

சங்கம் அந்தக் கடிதத்தை நம்பியது. டிக்கெட் இருக்கிறதே. பொய்ப் புகார் கொடுத்து அண்டை வீட்டாரைத் தொந்தரவு செய்ததாக டைம்டேபிளுக்குக் கண்டனம் எழுதி, லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் முப்பது நாள் ஒட்டி வைத்தது. அதற்குப் பிறகு அவர் புகார் கொடுக்கவில்லை. லிஃப்டில் பார்த்தாலும் பேசவில்லை. தொல்லை ஒழிந்தது என்று டெசிபல் நினைத்தார்.

மூன்று வருடம் ஓடியது. ஐந்து வருடக் கணக்கு முடிந்த மறுநாளே விண்ணப்பம் போட்டிருக்கலாம். பாதுகாப்புக்கு இன்னும் ஒரு மாதம் விட்டுப் போட்டார். அந்த ஒரு மாதத்தில் அவருடைய கம்பெனி கைமாறப் போகிறது என்ற பேச்சு கிளம்பியது. வேலை போனால் அனுமதியும் போகும், அறுபது நாளில் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். விண்ணப்பத்தோடு, குடியிருக்கும் இடத்திலிருந்து ஒரு வசிப்புச் சான்றும் வேண்டும். 'வசிப்பு தொடர்பான ஆவணங்கள் அனைத்தையும் இணைக்கவும்' என்று படிவத்தில் இருந்தது. செயலாளரம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அனைத்தையும் என்றால் அனைத்தையும். டெசிபலின் வீடு பற்றிய கோப்பை முழுதாக, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், நகலெடுத்து முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துக் குடியுரிமை அலுவலகத்தில் நேரில் வரச் சொன்னார்கள். நாலாவது மாடியில் கண்ணாடித் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு பேனா, பேனாவை யாரும் எடுத்துப் போகாதபடி ஒரு சங்கிலி. அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார்.

"சார், விண்ணப்பத்துல முப்பது நாளுக்கு மேல எங்கயும் போகலைன்னு எழுதியிருக்கீங்க. இந்தக் கடிதத்துல நாப்பத்தி மூணு நாள் நாட்டுலயே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் உங்க கையெழுத்துதான்."

"அது சங்கத்துக்கு எழுதினது மேடம்."

"சங்கத்துக்குன்னா கையெழுத்து வேறயா?"

"நான் போகல மேடம். வீட்லதான் இருந்தேன்."

"டிக்கெட் இருக்கே?"

"கேன்சல் பண்ணிட்டேன்."

"கேன்சல் பண்ணதுக்குச் சீட்டு?"

அந்த விமானக் கம்பெனி இரண்டு வருடத்துக்கு முன்பே மூடிப் போயிருந்தது. பழைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது தூதரகமே வாங்கி வைத்துக்கொண்டது. ஆபீஸில் விசாரித்தால் லீவுப் பதிவேடு, வாழ்த்து அட்டை, பத்தொன்பது சாட்சிகள். எல்லாரும் அவர் ஊருக்குப் போனார் என்றுதான் சொல்வார்கள்.

"நாட்டை விட்டுப் போனவங்க கணக்கு உங்ககிட்டயே இருக்குமே மேடம்?" என்றார் டெசிபல், கடைசி நம்பிக்கையாக.

"அந்த வருஷம் பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து புதுசுக்கு மாத்தினாங்க. எட்டு மாசப் பதிவு நடுவழியில எங்கயோ நின்னுபோச்சு. தேடிக்கிட்டிருக்காங்க."

"எப்ப கிடைக்கும்?"

"மூணு வருஷமா தேடறாங்க." மூக்கை உறிஞ்சினார். "நீங்க அந்த நாட்கள்ல வீட்ல இருந்ததைப் பாத்தவங்க, கேட்டவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. சொந்தக்காரங்க செல்லாது. இருபத்தொரு நாள் டைம். இல்லைன்னா நிராகரிச்சுடுவோம், கணக்கு மறுபடி முதல்லேர்ந்துதான்."

டெசிபல் வீட்டுக்கு வந்து கணினியில் ஓர் அட்டவணை போட்டார். இடது பக்கம் நாற்பத்து மூன்று தேதிகள். மேலே சாட்சி, ரசீது, பதிவு என்று கட்டங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தும் ஒரு கட்டத்தில்கூட எழுத ஒன்றும் அகப்படவில்லை. தன்னைப் பார்த்தேன் என்று சொல்ல அந்த நாற்பத்து மூன்று நாளுக்கு ஆள் தேடப் போய், எட்டு வருடத்தின் மற்ற நாட்களுக்கு மட்டும் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு வந்தது. அதை அட்டவணையில் சேர்க்கவில்லை.

பதினோரு வயது மகள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீ அப்ப இருந்தியா இல்லையா?"

"இருந்தேன்மா."

"அப்ப ஏன் எல்லாக் கட்டமும் காலியா இருக்கு?"

மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "கீழ போய்க் கேளுங்க."

"யாரை?"

"அந்த நாப்பத்தி மூணு நாள்ல மேல ஆள் இருக்கு இருக்குன்னு கத்தினது ஒருத்தர்தான். அவரைத்தான் பொய்யர்னு பலகையில ஒட்ட வச்சீங்க."

மூன்று நாள் யோசித்துவிட்டு, நாலாம் நாள் காலையில் படி இறங்கினார். எட்டு வருடத்தில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. டைம்டேபிள் கதவைத் திறந்தார். அவரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து பதினெட்டு," என்றார். "வாங்க மாடி."

உள்ளே அதே கூடம், அதே ஜன்னல், அதே அளவு. தன் வீட்டுக்கு அடியில் தன் வீடே இருந்தது போல டெசிபலுக்குத் தோன்றியது. சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் அது மேல்வீட்டின் படம் என்று புரிந்தது. கட்டில், மேஜை, மகளின் படிப்பு மேஜை, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மனிதர் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

"சோபா மட்டும் தப்பு," என்றார் டெசிபல், சும்மா இருக்க மாட்டாமல். "அதை ஜன்னல் பக்கம் நகத்திட்டோம்."

"தெரியும். போன மாசம் பதினாலாம் தேதி, நாலு அஞ்சுக்கு. படத்துல இன்னும் மாத்தல."

டெசிபல் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்ததும் டைம்டேபிள் எழுந்தார். அலமாரியைத் திறந்தார். முதுகில் தேதி ஒட்டிய நோட்டுகள் வரிசையாக நின்றன. ஒன்றை உருவி, பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார்.

டெசிபல் படித்தார். '5.40. நாற்காலி இழுப்பு. ஓர் அடி கனம், ஓர் அடி லேசு. 11 அடி. நின்றது.' மறுநாள் 14. அதற்கு மறுநாள் 14. பிறகு 19. தேதி இறங்க இறங்க எண் ஏறிக்கொண்டே போனது. அப்பாவின் இடுப்பெலும்பு கூடிய வரலாறு முழுவதும் வேறொரு நாட்டில், வேறொருவர் கையெழுத்தில், நிமிடம் தவறாமல் இருந்தது. பதினேழாம் நாளுக்கு நேரே, '5.40. இல்லை. 5.55. இல்லை. 6.30. இல்லை. மதியம் 12.10 மேலே போய்த் தட்டினேன். திறக்கவில்லை.'

"நீங்களா தட்டினீங்க?"

"வயசானவர் யாரையோ தனியா வீட்ல விட்டுட்டு நீங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். தினம் நடந்து பழகறார், ஒண்ணு ரெண்டு கூடிக்கிட்டே வருது. திடீர்னு அன்னிக்கு ஒண்ணும் இல்ல. விழுந்து கிடக்கறாரோன்னு வந்தேன். நீங்க திறக்கல. அதனாலதான் கதவைத் திறந்து பாருங்கன்னு எழுதிக் குடுத்தேன். நீங்க எனக்குக் காது சரியில்லைன்னு எழுதினீங்க."

டெசிபல் பதினேழாம் நாளின் வரியை மறுபடி படித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர், நடுவில் ஒரு முழம். தான் எவ்வளவு நேர்த்தியாக மூச்சை அடக்கினோம் என்பது மட்டும் நினைவு வந்தது.

"யாரு நடந்தது?"

"எங்க அப்பா," என்றார் டெசிபல். "நான்தான். அவருக்காக."

டைம்டேபிள் நோட்டை மூடினார். "ஆபீசுக்கு வர்றேன். ஆனா முதல்ல பலகையில நீங்க எழுதி ஒட்டணும். அதே இடம். என்னைப் பத்தி ஒட்டின அதே அளவு எழுத்து. முப்பது நாள்."

"எனக்கு நன்னடத்தை பாப்பாங்க சார். பொய் சொன்னேன்னு நானே எழுதி ஒட்டினா... குடியுரிமை கையில வந்த மறுநாளே ஒட்டிடறேன்."

"வந்த அப்புறம் உங்களுக்கு எதுக்கு மாடி அவசரம்? உங்க டிக்கெட்டை நம்பி ஒரு தடவை சங்கம் ஏமாந்தது போதும்."

அன்று சாயங்காலம் டெசிபல் மூன்று பக்கம் எழுதினார். 'மேற்படி காலத்தில் மேற்படி குடியிருப்பிலிருந்து ஒலி எழும்பியிருக்கக்கூடிய சாத்தியக்கூற்றை முற்றிலும் மறுப்பதற்கில்லை' என்று தொடங்கியது அது. மனைவி வாங்கிப் படித்தாள், கிழித்தாள், அவளே எழுதினாள். 'நான் வீட்டில்தான் இருந்தேன். இல்லை என்று பொய் சொன்னேன். கீழ்வீட்டுக்காரருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.' கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். எட்டு வருடத்தில் அவர் எழுதியவற்றில் இதைத்தான் கட்டடத்தில் எல்லாரும் கடைசிவரை படித்தார்கள்.

குறித்த நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போனார்கள். பஸ் இரண்டு நிமிடம் தாமதம் என்று மட்டும் டைம்டேபிள் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்குள் அதிகாரி நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நாற்பத்து மூன்று நாளும் இருந்தன. குளியலறைக் குழாய், பாத்திரம் கழுவுதல், தும்மல்கூட இருந்தது.

"தும்மலையுமா எழுதுவீங்க?"

"இவர் ரெட்டையாத்தான் தும்முவார் மேடம். அன்னிக்கு ஒத்தை. அதான் எழுதினேன்."

அதிகாரி டெசிபலைப் பார்த்தார். "சரி. இருந்தது இருந்ததுதான். அடுத்தது நன்னடத்தை." டைம்டேபிள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இவரை எட்டு வருஷமா தெரியுது. இவர் எப்படிப்பட்டவர்?"

மகளின் பள்ளிக்கூடம், மனைவியின் பூஜ்யத்திலிருந்து தொடங்கிய எண்ணிக்கை, அறுபது நாளில் கட்ட வேண்டிய மூட்டை, எல்லாம் இப்போது அந்தக் கிழவரின் வாயில் இருந்தது.

"பொய் சொல்லுவார்," என்றார் டைம்டேபிள். "தேதியோட என்கிட்ட இருக்கு. திமிர் உண்டு. தட்டினா கதவைத் திறக்க மாட்டார்." நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஆனா காலைல அஞ்சு நாப்பதுக்கு ஒரு நாளும் லேட் ஆனதில்ல."

அதிகாரி பேனாவைச் சங்கிலியோடு சுழற்றினார். தும்மினார். "எங்க கட்டடத்துலயும் ஒரு சங்கம் இருக்கு," என்றார். "சங்கத்துக்கு எழுதற கடிதத்தையெல்லாம் பொய்யுன்னு எடுத்துக்கிட்டா இந்த நாட்டுல குடிமகன்னு ஒருத்தன் மிஞ்ச மாட்டான்." இரண்டு கட்டத்திலும் குறி போட்டார். ஒழுக்கத்தை அளக்க அரசாங்கத்திடம் காந்தம் பதித்த வில்லை எதுவும் இல்லை என்பது டெசிபலுக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் ஒரு மண்டபத்தில் அறுபது பேரோடு சேர்ந்து வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னார். போட்டோ எடுத்தார்கள். மனைவிக்கும் மகளுக்கும் அவர் வழியாக விண்ணப்பம் போயிற்று. கம்பெனி கைமாறியது. அவர் வேலை போகவில்லை, மேனேஜரின் வேலைதான் போனது. இனி அவர் எத்தனை நாள் வேண்டுமானாலும் வெளியே இருக்கலாம், யாரும் எண்ண மாட்டார்கள். ஒரு நாட்டில் இருக்கும் உரிமையை வாங்க எட்டு வருடம் நகராமல் இருந்தவருக்குக் கிடைத்தது, முக்கியமாக, அங்கே இல்லாமல் இருக்கும் உரிமைதான்.

அப்பாவிடம் சொன்னார். "அப்பா, அடுத்த மாசம் வர்றேன். ஆறு வாரம் இருப்பேன்."

"இப்ப எதுக்குடா வர்ற? நான்தான் நடக்கறேனே."

பக்கத்திலிருந்த மகள் சும்மா இருக்கவில்லை. "தாத்தா, அப்ப அப்பாவுக்கு லீவு இருந்துச்சு. வீட்லயே ஒளிஞ்சுக்கிட்டிருந்தார்."

அந்தப் பக்கம் அப்பா திரைக்குக் கிட்டே வந்தார்.

"தெரியும்மா," என்றார் அப்பா. "நாப்பத்தி மூணு நாளும் உங்கப்பன் ஷேவ் பண்ணல. ஆபீஸ் போறவன் மூஞ்சியா அது?"

"அப்ப ஏம்ப்பா ஒண்ணும் கேக்கல?" என்றார் டெசிபல்.

"கேட்டா நீ நாற்காலியை நிறுத்திடுவியேன்னுதான்."

டெசிபல் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி டிக்கெட் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். போகும் தேதியை மட்டும் நிரப்பியிருந்தாள்.

புறப்படும் அன்று காலை பெட்டியோடு இறங்கியவர், லிஃப்டை விட்டுப் படியில் வந்து, கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். பலகையில் அவர் கடிதம் ஒட்டிய இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி ஒட்டியிருந்தது.

"ஊருக்குப் போறேன் சார். ஆறு வாரம். வீட்ல அவங்க ரெண்டு பேரும் இருப்பாங்க." பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குள் போனது.

"டிக்கெட்டை வெளிய எடுக்காதீங்க மாடி," என்றார் டைம்டேபிள். "உங்க டிக்கெட்டை நான் நம்ப மாட்டேன். நீங்க இருக்கீங்களா இல்லையான்னு நாளைக்கு அஞ்சு நாப்பதுக்கு நானே பாத்துக்கறேன்."

கதவைச் சாத்தப் போனவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழு மூணு," என்றார். "கிளம்புங்க. லேட் ஆகுது."